டிசைன் நம்முடையது, லைசென்ஸ் யாருடையது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஜக்கார்டு டிசைன் போட்டுத் தரும் அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அப்பா நெய்தார், நான் தறியில் உட்காரவில்லை. ஆனாலும் என் வேலைக்கும் தறிக்கும் தூரம் அதிகமில்லை. எங்கள் அலுவலகத்தில் லைசென்ஸ் கொடுக்கும் சர்வர் நின்றால் டிசைன் நிற்கும். டிசைன் நின்றால் அட்டை அடிக்க முடியாது. அட்டை வராவிட்டால், பாவு ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் நெசவாளருக்கு வேலை இல்லை. புடவைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. பூட்டிய ஓர் அறையில் யார் கண்ணிலும் படாமல் ஓடும் அந்தச் சர்வரைப் பற்றிப் பொதுவாசகருக்கு எழுதத் தோன்றியது இதனால்தான். அதைப் பழைய இயந்திரத்திலிருந்து புதிய இயந்திரத்துக்கு அண்மையில் மாற்றினோம். அந்த வேலையில் தெரியவரும் சில விஷயங்கள் கணினி ஆட்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

முதலில் டிசைன் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். டிசைனர் திரையில் பார்ப்பது ஒரு கட்டத் தாள். குறுக்கே ஒரு கட்டம் என்பது ஜக்கார்டில் ஒரு கொக்கி. மேலே ஒரு வரிசை என்பது ஓர் ஊடை. 240 கொக்கி ஜக்கார்டு என்றால் குறுக்கே 240 கட்டங்கள். பொதுவாக ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. 400 வரிசை உயரத்தில் ஓர் அன்னம் வரைந்தால் 400 அட்டை. எந்தக் கட்டத்தில் ஜரிகை மேலே வரவேண்டும், எதில் பட்டு மேலே நிற்கவேண்டும் என்று புள்ளி புள்ளியாக முடிவு செய்கிறார்கள். அன்னத்தின் கழுத்து வளைவில் ஒரே ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுக்க ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்தில் முடிச்சு விழுந்ததுபோலத் தெரியும். எங்கள் மூத்த டிசைனர் அந்த வளைவை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த கருவி, அட்டையில் துளை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து நூலைத் தூக்கியது. எங்கள் தெருக்களில் தறியின் தலைமேல் உட்கார்ந்திருப்பது இன்றும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். அந்த அட்டைக்கட்டுக்கு லைசென்ஸ் கிடையாது. ஒரு தறியிலிருந்து இறக்கி, அதே கொக்கிக் கணக்குள்ள இன்னொரு தறியில் ஏற்றினால் ஓடும், யாரையும் கேட்கவேண்டியதில்லை. கட்டம் தாளிலிருந்து திரைக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. டிசைன் போடும் மென்பொருளுக்கு விலை அதிகம். ஒன்பது கணினி உள்ள அலுவலகம் ஒன்பது பிரதி வாங்குவதில்லை. ஐந்து லைசென்ஸ் வாங்கிப் பொதுவில் வைக்கும். அந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கொடுத்து, மூடியதும் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் லைசென்ஸ் சர்வரின் வேலை. ஆறாவது ஆள் திறந்தால் முடியாது என்று சொல்லிவிடும். அதற்கு வேறு வேலையே கிடையாது.

இந்த முறை காஞ்சிபுரத்துக்கு மட்டும் உரியதல்ல. ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் 1988-ல் வந்த ஒரு லைசென்ஸ் நிர்வாக மென்பொருள் உலகம் முழுவதும் பரவியது. ஃப்ளெக்ஸ்நெட் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் மேட்லேப் திறக்கும் மாணவருக்குப் பின்னாலும் அதுதான் ஓடுகிறது. எங்கள் அலுவலக லைசென்ஸும் அந்த வகைதான்.

லைசென்ஸ் ஃபைல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரி சர்வர் என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும். அடுத்து அந்தக் கணினியின் பெயர். அதற்கடுத்து எண்ணும் எழுத்தும் கலந்த 12 இடத்து முகவரி ஒன்று. வரியின் கடைசியில் 27000 போன்ற ஒரு போர்ட் எண், அதாவது நெட்வொர்க்கில் அந்தச் சர்வரின் வாசல் எண். கீழே எந்த மென்பொருள், எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்ற வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் விற்ற நிறுவனத்தின் மின்கையெழுத்தாக ஒரு நீளமான குறியீடு. முதல் வரியில் கணினியின் பெயரை நாம் மாற்றலாம், போர்ட்டையும் மாற்றலாம். அந்த 12 இடத்து முகவரியில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் கையெழுத்து பொருந்தாமல் போய்விடும், லைசென்ஸ் கிடைக்காது.

அந்த 12 இடம் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. 48 பிட் நீளம். முதல் ஆறு இடம் கார்டைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும், மீதி ஆறு அந்தக் கார்டுக்கே உரியது. நிஜக் கணினியில் இது தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. லைசென்ஸ் எந்தக் கணினியில் ஓடலாம் என்று கட்டிப்போட இது வசதியாக இருந்ததால் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சில மென்பொருள்கள் ஹார்டு டிஸ்க்கின் வரிசை எண்ணைப் பார்க்கும். சில, கணினியின் பல எண்களைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும்.

பிறகு மெய்நிகர் கணினி வந்தது. கம்பெனி வட்டாரத்தில் விஎம் என்பார்கள். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் தனித்தனியாகப் பல கணினிகள் ஓடுவதுபோல மென்பொருளால் அமைப்பது. ஐபிஎம் இதை 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் செய்துவிட்டது. 1972-ல் விஎம்/370 என்று சந்தைக்கும் கொண்டுவந்தது. நம் மேசைக்கடியில் இருக்கும் வகைக் கணினிகளுக்கு அதைக் கொண்டுவந்தது 1998-ல் தொடங்கிய விஎம்வேர். எங்கள் லைசென்ஸ் சர்வரும் அப்படி ஒரு விஎம்தான். அதற்கு இரும்புப் பெட்டி இல்லை. அதன் டிஸ்க் ஒரு ஃபைல். அதன் மேக் முகவரி அமைப்புக் கோப்பில் ஒரு வரி. விஎம்வேர் கொடுக்கும் முகவரிகள் பல 00:50:56 என்று தொடங்கும். பார்த்தவுடனே இது விஎம் என்று தெரிந்துவிடும்.

ஆக, அந்த விஎம்மைத் தாங்கும் இயந்திரத்தை மாற்றுவது எளிதாக இருக்கவேண்டும். ஃபைலை நகலெடுத்துப் புதிய பெட்டியில் வைத்தால் போதும் என்றுதான் முதலாளிகள் நினைக்கிறார்கள். பாதி சரி.

எங்கள் பழைய இயந்திரம் ஓய்வுபெற வேண்டிய வயதைத் தாண்டிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் ஏசி கொஞ்சம் தடுமாறினாலும் அதன் மின்விசிறிகள் அலறும். இரண்டு டிஸ்க்கில் ஒன்று ஆரஞ்சு விளக்கு காட்ட ஆரம்பித்தது. உள்ளே ஓடியது விண்டோஸ் சர்வர் 2012. அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த மாதமே விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. டிசம்பரில், ஒருமுறை வாங்கினால் காலம் முழுக்க ஓட்டலாம் என்ற வகை லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியது. சின்ன அலுவலகங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2007 முதல் லினக்ஸோடு சேர்ந்தே வரும் கேவிஎம் என்ற விஎம் மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறுவது என்று முடிவெடுத்தோம். அது திறமூல மென்பொருள். புதிய இயந்திரம், புதிய மேலாண்மை மென்பொருள். உள்ளே அதே பழைய லைசென்ஸ் சர்வர்.

ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆவணி முகூர்த்தத்துக்கான புடவைகள் ஆடியில் தறியிலேயே இருக்கும். அவற்றின் டிசைன் அதற்கு முன்பே முடிந்திருக்கும். டிசைனர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பது அப்போதுதான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் கேட்டு வைத்துக்கொண்டு, அது வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம்.

வேலையில் பெரும்பகுதி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே முடிந்துவிடும், முடியவேண்டும். ஒரு தாளில் எழுதினேன்: விஎம்மின் பெயர், விண்டோஸில் உள்ள கணினிப் பெயர், ஐபி முகவரி, மேக் முகவரி, டிஸ்க்கின் வரிசை எண், விஎம்மின் தனி அடையாள எண், போர்ட்டுகள். லைசென்ஸ் ஃபைலின் நகலும் அதோடு. கணினியில் சேமித்தால் போதாதா என்று கேட்பார்கள். மாற்றப்போவது அந்தக் கணினியைத்தான் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

பிறகு விஎம்மை முழுதாக நிறுத்திவிட்டு நகலெடுக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வித்தை இருக்கிறது; விஎம்வேர் 2003-லேயே அதைச் செய்து காட்டியது. ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் ப்ராசசர் வேண்டும், ஒரே மேலாண்மை மென்பொருள் வேண்டும். இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு அப்படிப் போகமுடியாது. டிசைனர் யாரும் இல்லாத நாளில் நிறுத்திவிட்டுச் செய்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

புதிய இடத்தில் விஎம்மை உருவாக்கும்போது அது தானாக ஒரு புதிய மேக் முகவரியைக் கொடுத்துவிடும். பெரும்பாலான இடங்களில் லைசென்ஸ் போவது இந்த இடத்தில்தான். பழைய முகவரியைக் கையால் எழுதிக் கொடுத்த பிறகே முதல்முறை இயக்கவேண்டும். விஎம்வேரிலிருந்து விஎம்வேருக்கே மாற்றினாலும், சில பதிப்புகளில் முதல்முறை இயக்கும்போது ஒரு கேள்வி வரும்: இதை நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா? நகலெடுத்தேன் என்று அழுத்தினால் தனி அடையாள எண்ணும் மேக் முகவரியும் புதிதாகிவிடும். காந்தி ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் அப்படி ஆகிவிட்டது. திங்கள்கிழமை காலையில் அங்கிருந்த டிசைனர் போன் செய்தார். "தம்பி, லைசென்ஸ் இல்லைன்னு வருது. சனிக்கிழமை வரைக்கும் தொறந்துச்சே?" என்றார். "அண்ணே, யாரும் எதையும் அழிச்சிடாதீங்க, பழைய பெட்டியைக் கழட்டாதீங்க, வர்றேன்" என்றேன். பழைய அமைப்புக் கோப்பு இருந்ததால் இரண்டு வரிகளைத் திருத்தியதும் சரியானது. அந்தப் பெட்டியைப் பழைய சாமான் கடைக்குப் போட்டிருந்தால் கதை வேறு.

நேரம் இன்னொரு சிக்கல். லைசென்ஸ் சர்வர்கள் கடிகாரத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும். காலாவதியான லைசென்ஸை ஓட்டுவதற்காகச் சிலர் தேதியைப் பின்னால் தள்ளிவைப்பார்கள் என்பதால், கணினியில் நாளைய தேதியிட்ட கோப்பு எதையாவது கண்டால் மறுத்துவிடும் ஏற்பாடு உண்டு. லினக்ஸ் இயந்திரங்கள் வழக்கமாக உலகப் பொது நேரத்தை வைத்துக்கொள்ளும். விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று நினைத்து அதைப் படிக்கும். அமைப்பைச் சரியாகக் கொடுக்காவிட்டால் விஎம் ஐந்தரை மணி நேரம் பின்னால் எழுந்திருக்கும். ஆகவே புதிய இயந்திரத்தின் நேரத்தை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதை எழுப்பவேண்டும்.

போர்ட்டும் அப்படித்தான். 27000 மட்டும் திறந்தால் போதும் என்று நெட்வொர்க்குக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வாலில் அனுமதி கொடுப்பார்கள். ஆனால் உள்ளே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்: ஒருவர் விசாரிப்பவர், இன்னொருவர் உண்மையில் லைசென்ஸை எடுத்துக் கொடுப்பவர். இரண்டாமவருக்கு நாம் போர்ட் எண் குறிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார், ஃபயர்வால் தடுத்துவிடும். சர்வர் ஓடுகிறது என்று திரை சொல்லும், டிசைனருக்கு மென்பொருள் திறக்காது. லைசென்ஸ் ஃபைலில் அந்த இரண்டாவது எண்ணையும் நிலையாக எழுதிவைத்தால் தீர்ந்தது.

பழைய விஎம்மும் புதிய விஎம்மும் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் ஓடவே கூடாது. ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தால் நெட்வொர்க் குழம்பும் என்பது ஒரு காரணம். ஐந்து லைசென்ஸ் பத்தாகிவிடும் என்பது இன்னொரு காரணம். பத்து கிடைக்கட்டுமே என்று யோசிக்கிற ஆட்களும் உண்டு. டிசைனைத் திருடி நெய்கிறவர்களைப் பற்றி நாள் முழுக்கக் குறைபடும் ஊரில், இன்னொருவர் உழைப்பை இப்படி எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். பழைய இயந்திரத்தின் கேபிளைக் கழற்றிவிட்டு, அணைத்து, சில வாரம் அலமாரியில் வைத்திருந்தோம்.

இதுவரை சொன்னது ஃபைலில் இருக்கும் லைசென்ஸ். டாங்கிள் வகை வேறு. யுஎஸ்பியில் செருகும் விரல் நீளச் சாவி, அதற்குள் சில்லு. இஸ்ரேலின் அலாதீன் நிறுவனம் பிரபலமாக்கிய ஹாஸ்ப் சாவியைப் பழைய டிசைனர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று அது சென்டினல் என்ற பெயரில் தேலஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. விஎம்மை நகலெடுக்கலாம், டாங்கிளை நகலெடுக்கமுடியாது. பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதிய பெட்டியில் செருகி, இந்த யுஎஸ்பி இந்த விஎம்முக்கு என்று கைகாட்டிவிடவேண்டும். பின்னாளில் இயந்திரம் மாறினாலும் தொல்லை வேண்டாம் என்றால், டாங்கிளை நெட்வொர்க் வழியாகக் கொண்டுபோகும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. டாங்கிள் தொலைந்தால் மென்பொருளையே தொலைத்ததாக நினைக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. திரும்ப முழு விலை கேட்பார்கள். ஆகவே எங்கள் அலுவலகத்தில் செருகாமல் இருக்கும் டாங்கிள் ஜரிகைக் கட்டு இருக்கும் அலமாரியில், அதே பூட்டில் இருக்கிறது.

அடையாளம் எப்படியும் மாறத்தான் போகிறது என்றால், விற்ற நிறுவனத்திடம் கேட்டுப் புதிய லைசென்ஸ் ஃபைல் வாங்கவேண்டும். ரீஹோஸ்ட் என்பார்கள். வீடு மாறினால் ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவதுபோன்றது. அரிசி அதே அளவு, கடைதான் வேறு. பழைய லைசென்ஸை அழித்துவிட்டேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, புதிய மேக் முகவரியைக் கொடுத்தால், நல்ல நிறுவனம் ஓரிரு நாளில் அனுப்பிவிடும். சில ஒப்பந்தங்களில் விஎம்மில் ஓட்டவே கூடாது என்று இருக்கும். ஆகவே மேக் முகவரியை அப்படியே கொண்டுபோவதற்கு முன்பும் ஒப்பந்தத்தைப் படித்து, எழுதிக் கேட்டுவிடுவதே முறை.

எல்லோரும் நல்ல நிறுவனமாக இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில், சில ஆண்டுகளாக ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை என்பதால் விட்டுப்போன ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் கட்டினால்தான் முகவரி மாற்றித் தருவோம் என்றார்கள். முழு விலை கொடுத்து, காலவரையறை இல்லாமல் வாங்கிய மென்பொருள் அது. பழைய இயந்திரம் ஏற்கெனவே செத்துவிட்டது. கையில் இருந்ததோ பல ஆண்டு டிசைன்கள், அந்த மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய வடிவத்தில். கட்டினார்கள். வேறு வழியில்லை.

எனக்குப் பெரிய கவலை இங்கேதான். எங்கள் டிசைனர்கள் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போய், தூண்களில் உள்ள யாளியையும் அன்னத்தையும் போட்டோ எடுத்து வந்து கட்டத்தில் இறக்குகிறார்கள். இருதலைப்பட்சி, ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு, கோபுரக் கரை என்று இந்த ஊர் தலைமுறை தலைமுறையாக நெய்தவை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இந்தப் பெயரும் இந்த நெசவும் இந்த மண்ணுக்கு உரியவை என்று சட்டமே சொல்கிறது. அப்படிப்பட்ட டிசைன் கடைசியில் ஒரு கம்பெனியின் ஃபைலாகி, ஒரு 12 இடத்து எண்ணுக்குக் கட்டுப்பட்டு, அந்த எண் போனால் திறக்காத நிலைக்கு வரக்கூடாது. மென்பொருளுக்குப் பணம் கேட்பது நியாயம். நாம் வரைந்ததைத் திறக்க நம்மிடமே திரும்பத் திரும்பப் பணம் கேட்பது நியாயமில்லை.

வழி இல்லாமல் இல்லை. டிசைன் என்பது கடைசியில் கட்டங்கள்தான். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் சாதாரண பிட்மேப் படமாகச் சேமித்தால் எந்த மென்பொருளும் திறக்கும். கொக்கி எண்ணிக்கை, நிற வரிசை, நெசவு முறை ஆகியவற்றைப் பக்கத்தில் ஓர் எழுத்துக் கோப்பில் குறித்து வைத்தால் இன்னொரு டிசைனர் அதிலிருந்து அட்டை அடித்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் முடிந்த டிசைன் ஒவ்வொன்றையும் இப்போது இரண்டு வடிவத்தில் வைக்கிறோம். லைசென்ஸ் பூட்டே இல்லாத மென்பொருளும் இருக்கிறது: மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் உள்ள டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய். அது ஜக்கார்டு, டாபி நெசவுகளுக்கான திறமூல மென்பொருள். விலை கிடையாது, சர்வர் வேண்டாம், மேக் முகவரி வேண்டாம். பழகிய டிசைனர் உடனே மாறிவிடமாட்டார்; கை வேகம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளை அதிலும் உட்காரவைக்கலாமே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விஎம்மைப் புதிய இயந்திரத்தில் எழுப்பினோம். லைசென்ஸ் பட்டியலில் ஐந்தும் தெரிந்தன. ஐந்து கணினிகளில் மென்பொருளைத் திறந்துவிட்டு ஆறாவதில் திறந்து பார்த்தேன்; மறுத்தது. மறுத்தால்தான் கணக்கு சரி. டிசைனர் கணினிகளில் சர்வரின் சொந்தப் பெயருக்குப் பதில் ஒரு பொதுப் பெயரைக் கொடுத்துவைத்தேன். அடுத்த முறை மாற்றும்போது அந்தப் பெயர் எங்கே போகவேண்டும் என்று ஓரிடத்தில் திருத்தினால் போதும், ஒன்பது மேசைக்கும் நடக்கவேண்டாம்.

டிசைன் சென்டர் வைத்திருப்பவர்களுக்கும், கூட்டுறவுச் சங்கங்களில் கணினிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். அடுத்த மென்பொருள் வாங்கும்போது விலையைப் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். இயந்திரம் கெட்டால் லைசென்ஸை மாற்றித் தருவீர்களா, எத்தனை முறை, ஏஎம்சி இல்லாவிட்டாலும் தருவீர்களா, விஎம்மில் ஓட்டலாமா, டாங்கிள் உடைந்தால் என்ன விலை என்று கேட்டு, பதிலை பில்லோடு சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். லைசென்ஸ் ஃபைலையும் அந்த 12 இடத்து முகவரியையும் கணினி ஆளிடம் மட்டும் விட்டுவைக்காமல், ஒரு பிரதி எடுத்து உங்கள் பீரோவில் வையுங்கள். சர்வர் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள். நின்றுபோன பிறகு எடுக்கமுடியாது.